நான் பொட்டு வைத்த படம்

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தேற்ற வரவேண்டாம். தேற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

எழுபதுகளின் பின்பாதியில் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் இருந்தோம். அந்தக் காலத்தில் சேலை கட்டிய இன்னொருத்தியைத் தெருவில் கண்டால் அது யார், எந்த ஊர் என்று பாராமல் ரோட்டைக் கடந்து போய்க் கதைப்போம். அவளை நான் முதலில் கண்டது டண்டினோங் சந்தையில், மீன் கடைக்கு முன்னால். வெள்ளைக்காரருக்காகத் துண்டு போட்ட மீன்களின் தலைகளை ஒரு வாளியில் எறிந்து வைத்திருப்பார்கள். அந்த வாளியை நோக்கி நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். கடைக்காரன் சிரித்துக்கொண்டு, பூனைக்கா என்று கேட்டான். நான் ஓம் பூனைக்குத்தான் என்று சொல்லிவிட்டு நின்றேன். அவள் அவனை நேரே பார்த்து, எனக்கு, நான் சாப்பிடப்போகிறேன் என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கொஞ்சம் எரிச்சலும் வந்தது, மறைப்பானேன்.

அவள் வங்காளி, டாக்காக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் எஞ்சினியர், பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். எங்களுக்குள் இங்கிலீசுதான். கல்கத்தாக்காரி ஒருத்தி மூத்தவளைத் 'தீதி' என்று கூப்பிட்டதை எங்கோ கேட்டிருந்தேன். அந்தப் பவிசில் நானும் ஒருநாள் இவளைத் தீதி என்று கூப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அது அங்கே இந்துக்கள் கூப்பிடுவது, நாங்கள் முஸ்லிம்கள், ஆபா என்போம் என்றாள். பக்கத்தில் இருந்த அவளுடைய கணவர் சிரிக்கவில்லை. அக்காவைக் கூப்பிடுவதிலுமா சமயம் என்று வீட்டுக்கு வந்து என்னவருக்குச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனிதரின் முகம் ஏன் அப்படிப் போனது என்று யோசித்தேனா என்றால், இல்லை.

தமையனைப் பற்றி அவள் சொன்னது எங்கள் குசினியில், மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. டாக்காவும் பாகிஸ்தான் என்ற ஒரே நாட்டுக்குள் இருந்த காலம். மேற்கே இருந்து ஆண்டவர்கள், உருது மட்டும்தான் அரச மொழி என்றார்கள். ஐம்பத்திரண்டாம் ஆண்டு பெப்ரவரி இருபத்தோராம் திகதி டாக்காவில் மாணவர்கள் வங்காள மொழிக்காகத் தெருவுக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டது. அவளுடைய தமையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், பத்தொன்பது வயது. உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. பின்னாளில் எழுதி வைத்த பெயர்களில் அவன் பெயரும் இல்லை. பெயர் இல்லாமல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

அதோடு முடியவில்லை. வங்காளம் இந்துக்களின் பாசை, அதன் எழுத்து இந்துக்களின் எழுத்து, அதற்காகக் கத்துகிறவன் பாதி இந்து என்று ஆண்டவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரிலும் அதை நம்ப ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய தகப்பன் ஐந்து வேளையும் தொழுகிற பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிவாசலில் யாரோ அவரிடம், உங்கள் மகன் இந்துக்களுக்காகவா செத்தான் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்தார், மகனின் புத்தகங்கள், உடுப்புகள், படங்கள் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். சாகும்வரை அவன் பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு படத்தை மட்டும் இவள் தன் பாடப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிவிட்டாள். எழுபத்தொன்றில், விடுதலைப் போரின்போது, பாகிஸ்தான் ஆமி வந்தபோது அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? எங்களுக்கும் இதே கதைதான் என்று எடுத்துவிட்டேன். என்னவர் கொழும்பில் கிளாக்காக இருந்தவர், சிங்களச் சோதனை பாஸ் பண்ணாததால் பதவி உயர்வு தராமல் வைத்திருந்தார்கள், அதனால்தான் இங்கே வந்தோம் என்று ஒரு மூச்சில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்டாள். ஒருவரும் சாகவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு மீனைக் கழுவினாள்.

அந்தக் கோடையில் மெல்பேர்னில் இருந்த வங்காளிகள், பத்துக் குடும்பமும் சில பல்கலைக்கழக மாணவர்களும், முதன்முதலாக இருபத்தோராம் திகதியைச் சேர்ந்து நினைவுகூருவதென்று முடிவெடுத்தார்கள். டாக்காவில் அதற்கென ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதிகாலையில் செருப்பில்லாமல் நடந்து போய் அதன் காலடியில் பூ வைப்பார்கள். இங்கே பலகையில் தூண் செய்து, வெள்ளை அடித்து, ஒரு சாரணர் மண்டபத்தில் வைப்பது என்று பேச்சு. உடனே சண்டை தொடங்கிவிட்டது. தூணுக்குப் பூ வைப்பது வணக்கமா மரியாதையா? மண்ணைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாடிக்கார இளைஞன் ஒருவன் வேண்டாம் என்றான். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வீட்டு ஹோலில் தொழுகை நடத்துகிறவன் அவன். குரலை உயர்த்தவே மாட்டான். எங்களைப் பாதி இந்து என்று சொல்லிச் சொல்லியே சுட்டார்கள், அவர்கள் சொன்னது சரி என்று நாங்களே ஏன் காட்டவேண்டும், செத்தவர்களுக்காக ஓதுவோம் என்பது அவன் கட்சி. பூ இல்லாமல் என்ன இருபத்தொன்று என்பது மற்றவர்கள் கட்சி. இந்த இழுபறிக்குள் இவள் போய், என் தமையனின் படத்தையும் வைக்கவேண்டும் என்று கேட்டாள்.

மூன்று வாரம் அவளை இழுத்தடித்தார்கள். கடைசியில் கணவர்தான் தீர்ப்பைக் கொண்டுவந்தார். தூணுக்குப் பூ வைக்கலாம். படத்தை ஒரு பக்க மேசையில் வைக்கலாம், ஆனால் மாலை, விளக்கு, ஊதுபத்தி ஒன்றும் கூடாது. இதையெல்லாம் கேட்டு எனக்குத்தான் கொதித்தது. அவள் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மணித்தியாலம் போதும். நாலு பேர் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். இருபத்தைந்து வருடமாக என்னையும் அவரையும் தவிர ஒருவரும் பார்க்கவில்லை."

முதல்நாள் பின்னேரம் படத்தை என்னிடம் தந்தாள். அவள் மற்றவர்களோடு பூங்காவிலிருந்து நடந்து வரவேண்டும். நான் தேநீர் வேலைக்காக முன்னதாக மண்டபத்துக்குப் போகிறவள், அதனால் என்னிடம். மேசையில் வை, வேறொன்றும் செய்யவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள். ஸ்டூடியோவில் எடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டிய படம். பழைய சாமான் கடையில் வாங்கிய சட்டம் ஒன்று என்னிடம் இருந்தது, அதற்குள் போட்டேன்.

காலையில் காரில் போகும்போது என்னவர் ஒரு நாய்க்குப் பிரேக் போட்டார். மடியிலிருந்த சட்டம் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. யாருக்காவது கையில் வெட்டிவிடும் என்று துண்டுகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, படத்தை வெறும் சட்டத்தோடு மேசையில் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்தப் பக்கத்தில் பெரிய தூண், அதன் பின்னால் சிவப்புத் துணியில் வட்டமாகச் சூரியன், கீழே கோலம் மாதிரி ஏதோ வரைந்து கிடந்தது. இந்தப் பக்கத்தில் இந்தப் பிள்ளை ஒரு பூவும் இல்லாமல் அநாதை மாதிரி இருந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. செத்தவரின் படம் என்றால் துடைப்போம், நெற்றியில் பொட்டு வைப்போம். யாருடைய படம், என்ன சமயம் என்று கை கேட்காது. என் கைப்பைக்குள் குங்குமச் சிமிழ் எப்போதும் இருக்கும். மோதிர விரலை நாக்கில் நனைத்து, குங்குமத்தைத் தொட்டு, அந்த நெற்றியின் நடுவில் வைத்தேன். மாலைதானே கூடாது என்றார்கள், இது மாலையில்லையே என்று ஒரு நினைப்பும் ஓடியது. ஓடாமல் இல்லை. என்னவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றவர், திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உமக்கு என்ன விசரே? அது சோனகப் பிள்ளையின்ர படமெல்லே?"

முஸ்லிம் பிள்ளையின் நெற்றியில் பொட்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துடைக்கக் கையெடுக்கிறேன், தாடிக்கார இளைஞனும் அவளுடைய கணவரும் தேநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். பானையை இறக்கி வைத்துவிட்டு இருவரும் படத்தைப் பார்த்தார்கள். இளைஞன் வழக்கமான அந்தத் தணிந்த குரலில், இவன் இந்து என்று சொல்லித்தான் இவனைச் சுட்டார்கள் சகோதரி என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கணவருக்கு முகத்தில் இரத்தமே இல்லை. அவள் இதைப் பார்க்கக்கூடாது, அவள் இதைப் பார்க்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவ்வளவு சமய வெறியா இந்த மனிதருக்கு என்று அந்த நிலையிலும் நான் மனதுக்குள் ஏசினேன்.

இளைஞன்தான் புத்தியாகப் பேசினான். படத்தைத் தொடவேண்டாம், அப்படியே துணியில் சுற்றிக் காருக்குள் வைப்போம், பிறகு வேலை தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பொட்டை மெல்ல எடுக்கலாம், அவளிடம் நானே பேசுகிறேன் என்றான். அவன் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். ஆனால் படம் மேசையில் இல்லாவிட்டால் அவள் எங்கே என்று கேட்பாள், ஏன் என்று கேட்பாள், நான் செய்தது வெளியே வரும். எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது, என் மானம். குசினிக்குள் ஓடிப்போய்க் கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அவர்கள் தடுக்கத் தடுக்கத் துடைத்தேன்.

முதல் இழுப்பில் சிவப்பு நெற்றி முழுக்கப் பரவியது. பயத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பழைய படம், நனைந்ததும் மேல்தோல் பாலாடை மாதிரிச் சுருண்டு என் விரலோடு வந்துவிட்டது. நெற்றி போயிற்று. இடது புருவமும் கண்ணும் போயிற்று. கீழே வெள்ளை அட்டை தெரிந்தது. என்னவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முப்பது பேர் செருப்பில்லாமல் தார்ப் போட்ட கார்த் தரிப்பிடத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். பெப்ரவரி வெயில், ஒன்பது மணிக்கே கால் வெந்துவிடும். பலர் துள்ளித் துள்ளி வந்தார்கள். அவள் முன்வரிசையில், தன் தோட்டத்து வெள்ளை டாலியாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே சீராக நடந்து வந்தாள். உள்ளே வந்ததும் தூணைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். கண்ணாடி உடைந்துவிட்டது, தண்ணீர் பட்டுவிட்டது என்று சொன்னேன். அந்த இரண்டு ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாடிக்காரன் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் என்னை முடித்திருக்கலாம். அவள் படத்தின் மேலே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் வலது கையை எடுத்து விரித்தாள். குங்குமம் அவ்வளவு லேசில் போகாது. என் மோதிர விரலின் நுனியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"குண்டு பட்டது அந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தேன். அம்மாவுக்கு நெஞ்சில் என்று சொன்னோம். இவருக்கு மட்டும்தான் தெரியும்."

இவர் என்று அவள் காட்டியது கணவரை. அந்த மனிதர் எதற்காக அவள் பார்க்கக்கூடாது என்று தவித்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவரைச் சமய வெறியர் என்று ஏசி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் என் கையை விட்டாள். போய்த் தூணின் காலடியில் பூவை வைத்தாள், மற்றவர்களோடு நின்று பாடினாள், இளைஞன் ஓதியபோது கையேந்தினாள். படத்தை எடுக்க விடவில்லை. ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கினேன், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக அதற்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாணவன் தன் கூட்டாளியிடம், வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள், நல்ல யோசனை, சுட்டது அப்படியே தெரிகிறது என்றான். நான் பக்கத்தில் நின்று அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நாலு மாதம் அவள் எங்கள் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. போய்க் காலில் விழுந்திருக்கலாம். வீட்டில் இருந்துகொண்டு, பொட்டு வைத்தது அன்பினால்தானே என்று என்னவரோடு சண்டை பிடித்தேன். பொட்டைப் பற்றிச் சண்டை பிடித்தால் துடைத்ததைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

குளிர்காலத்தில் ஒருநாள் டண்டினோங் சந்தையில் அவளே என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். சுகம் விசாரிக்கவில்லை. நேரே கேட்டாள். அவன் முகத்தின் வலது பக்கம் படத்தில் இருக்கிறது, இடது பக்கம் எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது என்றாள். கண்ணை மூடினால் வெள்ளை அட்டைதான் தெரிகிறது. கணவரிடம் கேட்டால் உன்னைப் போல இருந்தான் என்பதோடு சரி. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

"கடைசியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நீதான். அந்தப் புருவத்தில் ஏதாவது இருந்ததா? ஒரு தழும்பு, ஏதாவது?"

நான் பார்க்கவில்லை. இதுதான் உண்மை. அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. பொட்டு வைக்க இடம் பார்த்தேன், பிறகு துடைக்க இடம் பார்த்தேன். வெள்ளைச் சேட்டும் எண்ணெய்த் தலையும்தான் எனக்கு ஞாபகம். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாப் பொடியன்களும் அப்படித்தான் இருப்பார்கள். இதை அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

மச்சம் ஒன்று இருந்தது என்றேன். இடது புருவத்துக்கு மேலே, சின்னதாக.

அவள் தன் புருவத்துக்கு மேலே விரலை வைத்தாள். இங்கேயா என்று கேட்டாள். ஓம், அங்கேதான் என்றேன். மச்சம், மச்சம் என்று இரண்டு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இதை எப்படி மறந்தேன் என்றாள். சந்தை என்றும் பாராமல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். தான் வாங்கிய மீன் தலைகளில் பாதியை என் பைக்குள் போட்டாள். அன்று அதைக் குழம்பு வைத்தேன். என்னவர் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். என்னால் ஒரு வாயும் இறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் இருபத்தோராம் திகதிக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தியது அவள்தான். தமையனைப் பற்றிப் பேசச் சொல்லி, அந்தத் தாடிக்கார இளைஞனே அவளை ஒலிவாங்கிக்கு முன்னால் அழைத்தான். அவள் படம் கொண்டுவரவில்லை, படம் தேவையில்லை என்று சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, பெரியவர்கள் சின்னவர்கள் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று முதலில் வங்காளத்திலும் பிறகு இங்கிலீசிலும், என் அண்ணனின் முகத்தை நான் சொல்கிறேன், ஞாபகம் வைத்திருங்கள் என்றாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது என்று தொடங்கினாள்.